முதுமையில் மங்கும் நடுப் பார்வை: ஒரு மருந்து பிறந்த கதை

சுவரில் மாட்டியுள்ள கடிகாரத்தை முதியவர் ஒருவர் பார்க்கிறார். விளிம்பில் உள்ள எண்கள் தெரிகின்றன. நடுவிலுள்ள முட்கள் தெரியவில்லை. எதிரே வருபவரின் சட்டை தெரிகிறது, முகம் தெரியவில்லை. கதவின் நேரான சட்டம் அலைபோல் நெளிந்து காணப்படுகிறது. "வயதாகிவிட்டது, புரை விழுந்திருக்கும், முற்றட்டும், பிறகு ஆப்பரேஷன் செய்துகொள்ளலாம்" என்று வீட்டிலுள்ளோர் சொல்வது வழக்கம்.

புரையாக இருந்தால் இந்தப் பேச்சால் பெரும்பாலும் கேடு இல்லை. கண்ணின் லென்ஸ் மங்குவதே புரை. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸைப் பொருத்தினால் பார்வை திரும்பிவிடும். ஆனால் மேலே சொன்ன அறிகுறிகள் வேறொரு நோயைக் காட்டுகின்றன. பழுது லென்ஸில் அன்று, அதற்குப் பின்னால் உள்ள விழித்திரையில். இந்நோயில் சில வாரத் தாமதமே நிரந்தரமான இழப்பாக முடியலாம். சென்ற தலைமுறையில் இதற்குச் சரியான மருந்து கிடையாது. இன்று இதன் ஒரு வகைக்கு மருந்து உண்டு. அது எப்படி வந்தது, இன்னும் எது வரவில்லை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மஞ்சள் புள்ளி

கண்ணை ஒரு காமிராவுக்கு ஒப்பிடுவது பழக்கம். விழித்திரையே அதன் ஃபிலிம். ஆனால் காமிராவின் ஃபிலிம் எங்கும் ஒரே தன்மையுடையது; விழித்திரை அப்படியன்று. அதன் நடுவே சுமார் 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டப் பகுதி இருக்கிறது. அதற்கு மஞ்சள் புள்ளி என்று பெயர். அதன் மையத்தில் ஒரு சிறு பள்ளம். நிறத்தையும் நுட்பத்தையும் உணரும் கூம்புச் செல்கள் அங்கேதான் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, முகத்தை அடையாளம் காண்பது யாவும் இப்பகுதியின் வேலை. எஞ்சிய விழித்திரை ஓரப் பார்வையையும் இருட்டுப் பார்வையையும் கவனித்துக்கொள்கிறது.

ஆகவே மஞ்சள் புள்ளி கெட்டால் மனிதர் முழுக் குருடாவதில்லை. அறையில் நடமாடலாம். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அதுவே மறைந்துபோகும்.

மஞ்சள் புள்ளியின் செல்களுக்கு உணவும் ஆக்ஸிஜனும் பின்புறமிருந்து வருகின்றன. ஒளியுணர் செல்களுக்கு அடுத்தபடியாக நிறமிச் செல்களின் அடுக்கு ஒன்று உண்டு. அதற்குப் பின்னே ஒரு மெல்லிய சவ்வு. அதற்கும் பின்னே இரத்தக் குழாய்களின் வலை. ஒளியுணர் செல்கள் தம் முனைகளை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கின்றன. உதிர்ந்தவற்றை விழுங்கிச் செரிப்பது நிறமிச் செல்களின் கடமை. வயது ஏற ஏற இந்தத் துப்புரவுப் பணி தளர்கிறது. கொழுப்பும் புரதமும் கலந்த கழிவு, சவ்வின் மேல் சிறு மேடுகளாகப் படிகிறது. கண் மருத்துவர்கள் இவற்றை ட்ரூசன் என்பர்.

உலர் வகையும் ஈர வகையும்

இதன் பிறகு நோய் இரு வழிகளில் செல்லலாம். நிறமிச் செல்களும் அவற்றோடு ஒளியுணர் செல்களும் பல ஆண்டுகளில் மெல்ல மடிவது ஒரு வழி. இது உலர் வகை. பெரும்பாலோருக்கு இருப்பது இதுவே. மற்றொரு வழியில், பின்னாலுள்ள வலையிலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துச் சவ்வைத் துளைத்துக்கொண்டு வருகின்றன. அவசரத்தில் கட்டிய குழாய்கள் அவை, ஒழுகுகின்றன. நீரும் இரத்தமும் தேங்கி விழித்திரை மேடாகிறது. நேர்கோடு நெளிவதற்குக் காரணம் இதுதான். ஃபிலிம் புடைத்தால் படம் கோணுமல்லவா? இது ஈர வகை. நோயாளிகளில் சுமார் பத்தில் ஒருவருக்கே இது வருகிறது. ஆயினும், இன்றைய மருந்துகள் வருமுன் இந்நோயால் கடுமையாகப் பார்வை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஈர வகையினரே. ஏனெனில் அது வாரக் கணக்கில், மாதக் கணக்கில் முன்னேறி, இறுதியில் தழும்பாக முடிகிறது. தழும்பை மாற்றும் மருந்து இன்றும் இல்லை.

ஒளியால் சுட்ட காலம்

முதலில் வந்த வைத்தியம் பௌதிகத்தின் கொடை. 1980களில் ஆர்கான் லேசர் கதிரால் அந்தப் புதுக் குழாய்களைச் சுட்டு மூடினார்கள். குழாய் மூடியது, ஆனால் அதன் மேலிருந்த ஒளியுணர் செல்களும் வெந்தன. குழாய் மஞ்சள் புள்ளியின் மையத்திலேயே இருந்தால், சிகிச்சையே அந்த இடத்தின் பார்வையை எடுத்துவிடும்.

2000ஆம் ஆண்டில் இதைவிட நயமான முறை ஒன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெர்ட்டிபோர்ஃபின் என்னும் சாயத்தைக் கை நரம்பில் ஏற்றுவார்கள். அது புதுக் குழாய்களில் அதிகமாகச் சேரும். பின்னர் 689 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியை அந்த இடத்தில் விழச் செய்வார்கள். அந்த ஒளிக்குச் சுடும் வலிமை கிடையாது. சாயம்தான் ஒளியை ஏற்று, ஆக்ஸிஜனைத் தூண்டி, அக்குழாயின் உட்சுவரைச் சிதைக்கும். ஒளியின் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 600 மில்லிவாட். நேரம் 83 விநாடி. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 50 ஜூல் ஆற்றல் வரும். இம்முறை இழப்பை மெதுவாக்கியது. ஆனால் இழந்த பார்வையைப் பெரும்பாலும் மீட்கவில்லை. முளைத்த குழாய்களை அழித்தார்களே தவிர, முளைக்கச் சொன்ன கட்டளை அப்படியே இருந்தது.

கட்டளையைத் தேடி

அப்படி ஒரு கட்டளை உண்டு என்று 1948ஆம் ஆண்டிலேயே ஊகித்தவர் கண் மருத்துவர் ஐசக் மைக்கேல்சன். (குறுக்கீட்டுமானியை அமைத்த ஆல்பர்ட் மைக்கேல்சன் வேறு, இவர் வேறு.) ஆக்ஸிஜன் போதாத விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அது பரவிப் புதுக் குழாய்களை வரவழைக்கிறது என்றார் அவர். அப்பொருளை அவரால் பிரித்தெடுக்க முடியவில்லை.

1971ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், புற்றுநோயைப் பற்றி இதே போன்ற கருத்தை வெளியிட்டார். புற்றுக்கட்டி தனக்கென்று இரத்தக் குழாய்களை வரவழைக்காவிட்டால் குண்டூசித் தலையளவுக்கு மேல் வளர முடியாது. அந்த அழைப்பைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்பது அவர் வாதம். தொடக்கத்தில் பலரும் இதை ஏற்கவில்லை. 1983ஆம் ஆண்டில் ஹரால்ட் டுவொராக்கின் குழுவினர், இரத்தக் குழாய்களை ஒழுகச் செய்யும் புரதம் ஒன்றைக் கட்டிகளில் கண்டனர். 1989ஆம் ஆண்டில், இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் ஜெனென்டெக் நிறுவனத்தில் பணியாற்றிய நெப்போலியோனே ஃபெராரா, குழாய்களை வளரச் செய்யும் புரதம் ஒன்றைத் தூய்மையாகப் பிரித்து, அதன் ஜீனையும் கண்டறிந்தார். ஒழுகச் செய்வதும் வளரச் செய்வதும் ஒரே புரதம்தான் என்று தெரியவந்தது. குருதிநாள வளர்ச்சிக் காரணி என்று இதைச் சொல்லலாம். விஞ்ஞானிகள் வழங்கும் சுருக்கப் பெயர் வி.இ.ஜி.எஃப்.

1994ஆம் ஆண்டில், விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்த நோயாளிகளின் கண் திரவத்தில் இப்புரதம் மிகுந்திருப்பதாக ஆய்வுகள் காட்டின. 46 ஆண்டுகளுக்கு முன் மைக்கேல்சன் ஊகித்த பொருளுக்குப் பெயரும் முகவரியும் கிடைத்துவிட்டன.

பூட்டுக்கு ஏற்ற அடைப்பு

வி.இ.ஜி.எஃப். புரதம், குழாய்ச் சுவரிலுள்ள ஏற்பியில் சாவி பூட்டில் நுழைவதுபோல் பொருந்தினால்தான் கட்டளை நிறைவேறும். சாவியின் பல்லில் மெழுகை ஒட்டிவிட்டால் பூட்டு திறக்காது. அந்த மெழுகாக ஓர் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தலாம் என்று ஃபெராரா குழுவினர் கருதினர். எலியில் உண்டாக்கிய எதிர்ப்பொருளை மனித உடல் ஏற்கும்படி மாற்றி அமைத்தனர். அதுவே பெவாசிஸுமாப். 2004ஆம் ஆண்டில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அது அனுமதி பெற்றது.

கண்ணுக்கு அதே பொருளைத் தர அவர்கள் தயங்கினர். அதன் மூலக்கூறு எடை சுமார் 1,49,000 டால்டன். அவ்வளவு பெரிய மூலக்கூறு விழித்திரையின் அடுக்குகளைக் கடந்து பின்புறம் சேருமா என்ற ஐயம். ஆகவே சாவியைப் பற்றிக்கொள்ளும் கைப்பகுதியை மட்டும் வைத்து, இன்னும் இறுக்கமாகப் பற்றும்படி திருத்தி, 48,000 டால்டன் எடையுள்ள சிறு மூலக்கூறு ஒன்றை உண்டாக்கினர். அதன் பெயர் ரானிபிஸுமாப்.

அது வேலை செய்கிறதா என்று அறிந்தது எப்படி? மெரினா என்ற பெயரில் 716 நோயாளிகளைக் கொண்ட சோதனை நடந்தது. சீட்டுக் குலுக்குவதுபோல் அவர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கு மாதந்தோறும் மருந்து. ஒரு பிரிவினருக்கு 0.3 மி.கி., மற்றொரு பிரிவினருக்கு 0.5 மி.கி. மூன்றாம் பிரிவினருக்கு ஊசியில்லாத குழலைக் கண்மேல் அழுத்தும் பாவனை மட்டும். யாருக்கு மருந்து, யாருக்குப் பாவனை என்பதைப் பார்வையை அளப்பவரும் அறியார். இல்லாவிட்டால் நோயாளியின் நம்பிக்கையும் அளப்பவரின் ஆசையும் அளவில் கலந்துவிடும்.

2006ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: ஓராண்டில், பாவனை பெற்றவர்கள் கண் மருத்துவரின் எழுத்து அட்டையில் சராசரியாகப் பத்து எழுத்துகளை இழந்தனர். 0.5 மி.கி. மருந்து பெற்றவர்கள் சராசரியாக ஏழு எழுத்துகள் கூடுதலாகப் படித்தனர். அவர்களில் மூவரில் ஒருவர் 15 எழுத்துகள், அதாவது அட்டையில் மூன்று வரிகள், அதிகமாகப் படித்தார். இழப்பை மெதுவாக்குவதோடு நின்ற மருத்துவம், இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுத் தந்தது. அதே ஆண்டில் மருந்து அனுமதி பெற்றது.

மாத்திரையாக ஏன் தருவதில்லை?

கண்ணில் ஊசி என்றதும் எவரும் நடுங்குவர். மாத்திரையாகவோ கையில் ஊசியாகவோ தரக்கூடாதா? மாத்திரையாக விழுங்கினால், புரதமாகிய இம்மருந்தை வயிறு உணவைப்போல் செரித்துவிடும். கை ஊசிக்கு ஒரு சிறு கணக்குப் போடுவோம். கண்ணின் உட்புறத்தை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்னும் கூழின் கன அளவு சுமார் 4 மில்லிலிட்டர். அதில் 0.5 மி.கி. மருந்து போதுமானது. உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம், அதாவது 5,000 மில்லிலிட்டர். அது விட்ரியஸைப்போல் 1,250 மடங்கு. அதே அடர்த்தியை இரத்தத்தில் எட்டுவதற்கே 625 மி.கி. தேவை. அப்போதும் இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையே இயற்கை அமைத்துள்ள தடுப்பைத் தாண்டிச் செல்வது கொஞ்சமே. தவிர, காயம் ஆறுவதற்கும் சிறுநீரகம் ஒழுங்காக இயங்குவதற்கும் உடலுக்கு வி.இ.ஜி.எஃப். தேவை. அதை எங்கும் அடக்குவது ஆபத்து.

ஆகவே மரத்துப்போகும் சொட்டு மருந்திட்டு, கண்ணைத் தூய்மை செய்து, கருவிழியின் ஓரத்திலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியின் வழியாக மெல்லிய ஊசியால் 0.05 மில்லிலிட்டர், அதாவது ஒரு துளி அளவு மருந்தைச் செலுத்துகிறார்கள். சில விநாடி வேலை. கண்ணுக்குள் கிருமி புகும் அபாயம் உண்டு. ஆனால் அது ஆயிரம் ஊசிகளில் ஒன்றுக்கும் குறைவு.

அரை ஆயுட்காலத்தின் கணக்கு

கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் பற்றிப் படித்திருப்பீர்கள். மருந்துக்கும் அது உண்டு. விட்ரியஸில் ரானிபிஸுமாபின் அரை ஆயுட்காலம் சுமார் 9 நாள். செலுத்திய 0.5 மி.கி. மருந்து 9ஆம் நாளில் 0.25 ஆகவும், 18ஆம் நாளில் 0.125 ஆகவும், 27ஆம் நாளில் 0.06 ஆகவும் குறைந்துவிடும். மாதம் ஒருமுறை ஊசி போட்டதன் காரணம் இதில் விளங்கும்.

மருந்தின் அளவை இரு மடங்காக்கினால் இரு மடங்கு நாள் தாங்குமா? தாங்காது. இரட்டித்த அளவு பழைய அளவுக்கு இறங்க ஓர் அரை ஆயுட்காலமே போதும். இரு மடங்கு மருந்துக்குக் கிடைக்கும் ஆதாயம் ஒன்பதே நாள்! மருந்தாளர்களின் தலைவலி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அவர்கள் பல வழிகளில் முயன்றனர். 2011ஆம் ஆண்டில் வந்த அஃப்ளிபர்செப்ட், வி.இ.ஜி.எஃப். புரதத்தை இன்னும் இறுக்கமாகப் பிடிப்பது. முதல் மூன்று மாத ஊசிகளுக்குப்பின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். 2023ஆம் ஆண்டில் அதையே 2 மி.கி.க்குப் பதில் 8 மி.கி. ஆகத் தரும் முறை அனுமதிக்கப்பட்டது. நான்கு மடங்கு என்றால் இரண்டு அரை ஆயுட்காலம் லாபம். 2022ஆம் ஆண்டில் வந்த ஃபாரிசிமாப் இரண்டு வேறு கட்டளைகளை ஒரே மூலக்கூறால் தடுக்கிறது. சிலருக்கு நான்கு மாத இடைவெளி கிடைக்கிறது. கண்ணையே மருந்து தயாரிக்கச் செய்யும் ஜீன் சிகிச்சை சோதனையில் உள்ளது.

அடுத்த ஊசி எப்போது என்பதைத் தீர்மானிக்க உதவுவது ஓ.சி.டி. என்னும் கருவி. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் காணும் மைக்கேல்சன் குறுக்கீட்டுமானியின் தத்துவமே இதிலும். விழித்திரையின் அடுக்குகளிலிருந்து திரும்பும் ஒளியை ஒப்பீட்டுக் கதிருடன் சேர்த்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரையில் தடிப்பை அளக்கிறது. 1991ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இக்கருவி, வெட்டாமலே விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டுகிறது. நீர் தேங்கியுள்ளதா, வடிந்ததா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

விலை என்னும் தடை

ரானிபிஸுமாப் அமெரிக்காவில் ஒரு ஊசிக்குச் சுமார் 2,000 டாலர் என்ற விலையில் வந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, 2005ஆம் ஆண்டில், மயாமி நகரக் கண் மருத்துவர் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் புற்றுநோய் மருந்தான பெவாசிஸுமாபைக் கண்ணில் செலுத்திப் பார்த்திருந்தார். நீர் வடிந்தது. பெரிய மூலக்கூறு ஊடுருவாது என்ற ஐயம் உண்மையாகவில்லை.

இங்கும் ஒரு கணக்கு உண்டு. புற்றுநோய்க்கான ஒரு குப்பியில் 4 மில்லிலிட்டர். கண்ணுக்குத் தேவை 0.05 மில்லிலிட்டர். வகுத்தால் 80. சேதம் போக, ஒரே குப்பியைப் பலருக்குப் பகிரலாம். ஒரு ஊசியின் விலை சுமார் 50 டாலராக இறங்கியது. ஆனால் கண்ணுக்கென்று அனுமதி பெறாத மருந்து அது. அனுமதிக்கான சோதனையை நடத்த, இரு மருந்துகளையும் உருவாக்கிய நிறுவனம் முன்வரவில்லை. எனவே அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் பொதுப் பணத்தில் சுமார் 1,200 நோயாளிகளைக் கொண்டு இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 2011ஆம் ஆண்டில் வந்த முடிவு: மாதந்தோறும் தந்தபோது ஒன்றில் 8.5 எழுத்து முன்னேற்றம், மற்றதில் 8.0. பார்வையைப் பொறுத்தவரை இரண்டும் சமம்.

2013ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பெவாசிஸுமாபைக் கண்ணுக்குரிய இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலும் இது பரவலாக வழக்கத்துக்கு வந்தது. 2015ஆம் ஆண்டில் ரானிபிஸுமாபுக்கு ஒப்பான உயிரி மருந்தொன்று இந்தியாவிலேயே தயாராகி அனுமதி பெற்றது. குப்பியைப் பகிர்வதில் தூய்மை மிக முக்கியம். பிரிக்கும்போது கிருமி கலந்தால் ஒரே நாளில் பலர் பார்வை இழக்க நேரிடும். ஆகவே சிக்கனம் தேவைதான்; அது கட்டுப்பாடான மருந்தகத்தில் நடக்க வேண்டும்.

உலர் வகைக்கு என்ன வழி?

2005ஆம் ஆண்டில் ஒரு புதிய திறப்பு ஏற்பட்டது. உடலின் தற்காப்பு அமைப்பில் காம்ப்ளிமென்ட் என்ற புரத வரிசை உண்டு. கிருமிகளைத் தாக்கும் இவ்வரிசையை அடக்கி வைக்கும் புரதம் ஒன்றில், 402ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியிருப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வாளர்கள் கண்டனர். கட்டுக்கடங்காத தற்காப்பு சொந்தச் செல்களையே தின்கிறது போலும்!

அப்படியானால் அவ்வரிசையைத் தடுத்தால் போதுமே? லாம்பலிஸுமாப் என்ற மருந்து அதற்காகவே உருவாயிற்று. சிறு சோதனையில் நம்பிக்கை தந்தது. 1,800க்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட இரு பெரிய சோதனைகளில் தோற்றது. ஆண்டு 2017. காரணம் தெரிந்துவிட்டால் மருந்து கிடைத்துவிட்டதாகாது. சிறு சோதனையின் மகிழ்ச்சி பெரிய சோதனையில் கரையலாம் என்பதற்கு இது சாட்சி.

2023ஆம் ஆண்டில் அதே வரிசையின் வேறு கண்ணிகளைத் தடுக்கும் பெக்செட்டகோப்ளான், அவாசின்காப்டாட் பெகால் என்ற இரு மருந்துகளுக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. இவை செல்கள் மடியும் பரப்பு விரிவதைச் சற்றே மெதுவாக்குகின்றன, பார்வையை மீட்பதில்லை. நோயாளி உணரத்தக்க பலன் தெளிவாக இல்லை என்று பெக்செட்டகோப்ளானுக்கு ஐரோப்பிய மருந்து முகமை அனுமதி மறுத்தது. ஒரே புள்ளிவிவரத்தை இரு சபைகள் இருவிதமாகத் தீர்த்தன.

குறிப்பிட்ட விட்டமின்களும் துத்தநாகமும் சேர்ந்த கலவை, நடுநிலையை எட்டிய நோயாளிகளுக்கு நோய் முற்றும் வாய்ப்பை ஐந்தாண்டில் சுமார் 25 சதவீதம் குறைக்கிறது என்று 2001ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பழைய கலவையிலிருந்த பீட்டா கரோட்டின், புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்று அபாயத்தைக் கூட்டுவதால், 2013ஆம் ஆண்டு ஆய்வுக்குப்பின் அதற்குப் பதில் லூட்டினும் ஸியாஸாந்தினும் சேர்க்கப்பட்டன. கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பண்டமன்று இது. மருத்துவர் சொன்னால் மட்டுமே. புகைபிடிப்பதை நிறுத்துவதற்கு மட்டும் எவர் சீட்டும் தேவையில்லை.

வீட்டில் செய்யும் சோதனை

மருந்து எவ்வளவு நல்லதாயினும் தழும்பு விழுமுன் சேர வேண்டும். அதற்கு உதவும் சோதனை மிக எளிது. சுவிட்சர்லாந்து கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் வகுத்தது. ஒரு வெள்ளைத் தாளில் 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் வரையுங்கள். அதை 5 மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். 400 கட்டங்கள் வரும். நடுவில் ஒரு கரும்புள்ளி. படிக்கும் கண்ணாடியை அணிந்து, தாளை 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் புள்ளியையே பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மாற்ற வேண்டும்.

ஏன் இந்த அளவு? கண்ணின் ஒளியியல் மையத்திலிருந்து விழித்திரைக்குச் சுமார் 17 மில்லிமீட்டர். ஒத்த முக்கோணங்களின்படி, 100 மில்லிமீட்டர் சதுரத்தின் பிம்பம் 100 × 17 ÷ 300, அதாவது சுமார் 5.7 மில்லிமீட்டர். மஞ்சள் புள்ளியை ஏறக்குறைய அப்படியே மூடிவிடும் அளவு! ஆகவே கட்டங்களில் எங்கு கோடு நெளிகிறதோ, எங்கு கட்டம் மறைகிறதோ, மஞ்சள் புள்ளியில் அதற்குரிய இடத்தில் பழுது.

ஒரு கண் கெட்டாலும் மறு கண் ஈடு செய்துவிடும்; அதனால் பலருக்கு நோய் வந்ததே தெரிவதில்லை. ஆகவேதான் கண்களைத் தனித்தனியே சோதிப்பது முக்கியம். கோடு புதிதாக நெளிந்தால் அடுத்த மாதம் என்று தள்ளிப் போடாமல், அந்த வாரத்திலேயே விழித்திரை மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒரு வேளை அது வேறு காரணமாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு மஞ்சள் புள்ளி வீங்குவதும் உண்டு, அதற்கும் இதே மருந்துகள் பயன்படுகின்றன. தவறாமல் ஊசிக்குச் செல்வதும் அவசியம். கண் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தியவர்களின் பார்வை மீண்டும் மங்கியதை மருத்துவர்கள் எங்கும் காண்கின்றனர்; மருந்து தீர்ந்ததும் கட்டளை மறுபடி ஒலிக்கத் தொடங்கும் அல்லவா?

ஊகத்திலிருந்து மருந்து வரை 58 ஆண்டுகள் ஆயின. மருந்து இன்று மருத்துவமனையில் இருக்கிறது. அங்கு நோயாளியைக் காலத்தில் கொண்டு சேர்ப்பது வீட்டிலுள்ள இளைஞர்களின் பொறுப்பு. அளவுகோலும் பென்சிலும் எடுத்து ஒரு கட்டத் தாள் வரைய மாணவர் எவருக்கும் கால் மணி நேரம் ஆகாது. அதைத் தாத்தா பாட்டியிடம் காட்டி, "கோடுகள் எல்லாம் நேராக இருக்கின்றனவா?" என்று கேளுங்கள்.